மீந்த ஆயுசு

வைத்தியர் மெல்கியோர் மாவு ஆலை வாசலில் வந்து இறங்கியபோது, அவர் கழுதை விட்ட பெருமூச்சு தூரத்து நியூரம்பர்க் நகரம் வரை கேட்டிருக்கும். வேறு சத்தமே இல்லை. நண்பகலிலும் கலையாத மூடுபனி, ஆற்றை அதன் இரைச்சலோடு சேர்த்து விழுங்கியிருந்தது.

உள்ளே ஆலைக்காரன் யோர்க் கிடந்தான். மாதா கோயில் பூசையில் வாய் கோணி விழுந்தவன், பிறகு எழவில்லை. வைத்தியர் செய்யாத வைத்தியம் இல்லை. இரண்டு கையிலும் கீறி எடுத்த ரத்தத்தைக் குடலில் அடைத்து ஊருக்கே தொத்திறைச்சி செய்திருக்கலாம். அட்டை விட்டார், அட்டைகள் பூசணியாய்ப் பெருத்தன, நோயாளி வற்றினான். கடைசியாக உயிர்ப்புறாவைப் பிளந்து உள்ளங்காலில் கட்டினார். புறா குளிர்ந்தது. கால் அதைவிடக் குளிர்ந்தது.

"அவ்வளவுதானா வைத்தியரய்யா?" என்றாள் அவன் மனைவி ஒத்திலியா. அவன் கையை அவள் விடவேயில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு தாயி." குரலைத் தாழ்த்தினார். "மண்டையோட்டுப் பொடி."

"ஐயோ, கல்லறையத் தோண்டியா?"

"சே! சீக்கு வந்து செத்தவன் மண்டை யாருக்கு வேணும்? திடமா இருக்கறப்பவே தூக்குல தொங்கினவனோடது. அறுபது வருஷம் இருக்க வேண்டியவன் இருபதுல போயிட்டா, மிச்ச ஆயுசு எங்க போகும்? எலும்புலதான் உறைஞ்சு கிடக்கும். உன் புருஷன் குடிச்சான்னா அது அவனுக்கு."

"யாரு அவன்?"

"குதிரைத் திருடன். கைதான் சுத்தமில்ல, மண்டை ரொம்பச் சுத்தம்." தன் வேடிக்கைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

ஒத்திலியா சிரிக்கவில்லை. "குடுங்க. எனக்கு இவரு வேணும்."

சிவப்பு ஒயினில் பொடி கரைந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை எழுந்தது. கரண்டியால் வாயைப் பிளந்து ஊற்றினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு விரல் அசைந்தது.

கோணிய வாய் மெல்ல நேரானது. யோர்க் கண் திறந்தான். முதல் வேலையாகத் தன் கழுத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தான். நிதானமாக, முழுச் சுற்றும். பிறகு சிரித்தான்.

"யோர்க்! நான்தான்யா, உன் வாத்து!" அவன் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதே கிடையாது.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க அம்மணி."

வைத்தியர் அதைக் கவனிக்கவில்லை. அறை அதிர ஆடிக்கொண்டிருந்தார். மாலைக்குள் அவர் செத்தவனை எழுப்பியதாக மதுக்கடைகளில் பேச்சு. மறுநாள் அது ஒரு கல்லறைத்தோட்டத்தையே எழுப்பியதாக வளர்ந்தது.

யோர்க் நான்கு ஆள் சோறு தின்றான். அவனைக் கண்டாலே கடிக்கிற அக்கம்பக்கத்துக் குதிரைகள், இப்போது வேலிக்கு மேலே தலையை நீட்டி அவன் தோளில் சாய்ந்தன. ஒருநாள் ஆலையில் தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசி அலறியது. அந்தச் சத்தத்துக்கு எந்த ஆலைக்காரனும் சவப்பெட்டியை உடைத்துக்கொண்டு ஓடி வருவான். இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து தூக்குமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்லு கத்துதே, கேக்கலையா?"

"எந்தக் கல்லு?"

ஒத்திலியா அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நீ... யாரு?"

"கோவிச்சுக்காதீங்க," என்றான் மெதுவாக. "நானா வரல. கூப்பிட்டீங்க, வந்தேன்."

"என் புருஷன் எங்க?"

"வர்ற வழியில எதிர்ல ஒருத்தர் போனாரு. ஒரே இருட்டு. வாத்து, வாத்துன்னு தேடிக்கிட்டே போனாரு."

அவள் வாசல் வரை ஓடி வெளியே தேடினாள்.

"பாவம், என் தம்பியும் அங்கதான் நிக்கிறான். எங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் தொங்கவிட்டாங்க," என்றவன் எழுந்து வெளியே போனான்.

அன்று இரவு அவன் திரும்பவில்லை. விடிந்ததும் ஒத்திலியா வைத்தியர் வீட்டுக்கு ஓடினாள். அவரே விஷக்காய்ச்சலில் பேச்சுமூச்சற்றுக் கிடப்பதாக வழியில் சொன்னார்கள். சொல்லட்டும். கொண்டுவந்தவருக்குத் திருப்பி அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு வேறு நம்பிக்கை இல்லை.

கதவு திறந்திருந்தது. வைத்தியர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆப்பிள் மாதிரிக் கன்னம். பக்கத்தில் யோர்க். அவன் பூட்ஸில் தூக்குமேட்டுச் செம்மண். கையில் காலிக் கிண்ணம், அதில் ஈரச் சுண்ணாம்பின் வாடை.

ஒத்திலியா கட்டிலடியில் விழுந்தாள். "வைத்தியரய்யா! இவனத் திருப்பி அனுப்பிடுங்க. என் யோர்க்கக் கூட்டிட்டு வாங்க. உங்களால மட்டும்தான் முடியும்!"

வைத்தியர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, ஆலைக்காரன் பக்கம் திரும்பினார்.

"யாருண்ணே இவங்க?"