எருக்குழியில் ஒரு சுத்தமான கல்

இப்போதெல்லாம் அடுத்தவன் தோட்டத்துக்குள் நுழைய ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றுவதில்லை. நேராக வருகிறார்கள், வேண்டியதை உடைத்து எடுக்கிறார்கள், ஏனென்று கேட்டால் கவர்மெண்டு காகிதத்தை மூஞ்சிக்கு நேரே ஆட்டுகிறார்கள். அதுவும் போதாமல், தோட்டத்துக்காரனுக்கே திருட்டுப் பட்டமும் கட்டுகிறார்கள்.

அர்த்தநாரிக்கு நடந்தது அதுதான். கொல்லிமலை அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டோரம் அவர் தோட்டம். இரண்டாயிரத்து மூன்றாம் வருசம், தை மாதம். காலையில் பால் கறந்துவிட்டு நிமிர்ந்தால் கட்டுத்தரையில் போலீஸ். ஏட்டு ஒருத்தர் எருக்குழியை மம்முட்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஆப்பிட்டுருச்சு!"

சாணிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மெர்சி வாங்கினார். நாகர்கோவில் பக்கமிருந்து மாற்றலாகி வந்த பொம்பளை. சிரிப்பு என்பதே கிடையாது. கவருக்குள் இன்னொரு கவர். வாயை முறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளைக் கல், சாணி ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல்.

"இதுதானா சார்?"

"இதேதான்," என்றார் பேராசிரியர் தனசேகரன். பக்கத்துச் செல்லமுத்து தோட்டத்து வீட்டில் வாடகைக்குத் தங்கிப் பாறை ஆராய்ச்சி செய்கிற கும்பலுக்குத் தலைவர். "வீட்டு ஆசாரத்துத் திண்ணையில துணிப்பையில போட்டு வச்சிருந்தோம். காலையில பை மட்டும் கெடந்துச்சு. நேத்து ஊரே கேக்கக் கத்துனது யாருன்னு கேளுங்க."

கத்தியது உண்மைதான். அர்த்தநாரி கடலைக்காய் காயப்போடுகிற பாறையில் சம்மட்டி போட்டு, கரும்பாறைக்கு நடுவில் ஓடிய வெள்ளை ரேகையைப் பெயர்த்துவிட்டார்கள். "பேத்த கல்லைக் கொண்டாந்து வெக்காம ஒருத்தனையும் உடமாட்டேன்" என்றார் அவர். அதற்குத்தான் இந்தக் கூத்து.

வாசலில் அவர் பெண்சாதி பாப்பாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, பொழுதோட முள்ளுக்குறிச்சி ஒறம்பரை நம்ம புள்ள வித்யாஸ்ரீயப் பொண்ணுப் பாக்க வாராங்க. ஊட்டு முன்னால போலீஸ் ஜீப்பப் பாத்தா ரோட்டோடயே திரும்பிருவாங்களே!"

மெர்சி அர்த்தநாரி பக்கம் திரும்பினார்.

"கத்துனீங்களா?"

"கத்துனேன்."

"கல்லை எடுத்தீங்களா?"

"என்ற பாறைக் கல்ல எடுக்கோணும்னா பகல்லயே எடுத்திருப்பேன்."

"யார் மேல சந்தேகம்?"

"எல்லாத்து மேலயுந்தான். உங்க மேலயும்."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது. மெர்சிக்கு வரவில்லை. ஆராய்ச்சிக் கும்பலின் டிரைவர் ராசுவைக் கூப்பிட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்? ஜல்லிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாம நேத்து ஒரு கல்ல டயருக்கு அண்டக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"சார், இந்தக் கல்லுல அப்படி என்ன இருக்கு?" என்று பேராசிரியர் பக்கம் திரும்பினார் மெர்சி.

"உள்ள சிர்கான்னு பொடிப்பொடியாப் படிகம் இருக்கும். கல்லு எப்ப உருகி இறுகுச்சுன்னு அதை வச்சுச் சொல்லலாம். இந்த மலையோட கரும்பாறை இருநூத்தம்பது கோடி வருசத்துக் கல்லு. ரேகையும் அதே காலந்தான். அப்புறம் இந்த மலை அசையவே இல்ல. எத்தனையோ வருசமா நான் எழுதிட்டு வர்றது இது. அதனால இந்தக் கல்லை லேபுக்கு அனுப்பறதாவே இல்ல."

"அப்ப போனாப் போகட்டுமே?"

"கல்லு போகட்டும். திருட்டைச் சும்மா விடறதா?"

இருநூத்தம்பது கோடியாம். தன் சொந்த வயசே அர்த்தநாரிக்குச் சரியாகத் தெரியாது. எவன் போய்ப் பார்த்தான் என்று காறித் துப்பினார்.

பின்னால் நின்ற ஆராய்ச்சி மாணவன் சசிகுமார் மெதுவாக வாயைத் திறந்தான். "ரேகை ரொம்பப் பிந்தி ஏறியிருக்கணும் மேடம். அப்படின்னா ரெண்டு நிலம் மோதி, இந்த மலை மறுபடி நொறுங்கி உருகியிருக்கு..."

"உன்னை யாரும் கேக்கல," என்றார் பேராசிரியர்.

மெர்சி தலையாட்டினார். "சரி, பெரியவரே, ஜீப்புல ஏறுங்க."

பாப்பாயி ஓவென்று அழுதாள். அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டார். மெர்சி கல்லைக் கையில் உருட்டினார். "லேபுக்குப் போகாத கல்லு நமக்கு எதுக்கு?" என்று எருக்குழிக்கு மேலே கையைச் சாய்த்தார்.

"ஐயோ, வேண்டாம் மேடம்!" சசிகுமார் பாய்ந்து இரண்டு கையையும் ஏந்தினான். "அழுக்குப் படக்கூடாது! வேற மண்ணு ஒட்டுனாக் கணக்கே கெட்டுப்போகும்!"

பேராசிரியர் அந்நேரம் சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெர்சி கல்லை மறுபடி கவருக்குள் போட்டார். "எடுத்தது நீங்கதான், சசிகுமார்."

"மேடம், நான்..."

"கல்லு கெடைச்ச இடத்தையே எல்லாரும் பாத்தீங்க. இருந்த விதத்தைப் பாக்கல. கோவத்துல எடுக்கறவன் கல்லு அழுக்காகுமேன்னு ரெண்டு கவர் போட்டு வாயைக் கட்டுவானா? பெரியவர் எடுத்திருந்தா அப்படியே விட்டெறிஞ்சிருப்பார். ராசுவுக்கு இது டயருக்கு அண்டக் குடுக்கற கல்லு. உங்க சார் ஒழிச்சுக்கட்ட நினைச்சிருந்தா மலையில எறிய எடமா இல்ல? இதுல இருக்கற வயசைத் தெரிஞ்சுக்கத் துடிக்கறவன் மட்டுந்தான் சாணிக்குள்ளயும் சுத்தமா வைப்பான். திருடும்போதுகூட உங்க பழக்கம் விடல."

சசிகுமார் தலையைக் குனிந்தான். "சார் கடைசிவரைக்கும் அனுப்ப மாட்டார் மேடம். வீட்டுல வச்சாப் பாத்துருவார். எல்லாரும் ஊருக்குப் போனதும் தனியா வந்து எடுத்துட்டுப் போயி, வேற லேபுல குடுக்கலாம்னு..."

"நடுவுல ஆப்பிட்டாப் பழி இவர் மேல?"

"வயசானவரு, திட்டிட்டு விட்டுருவாங்கன்னு நினைச்சேன்."

"ஏண்டா," என்றார் அர்த்தநாரி, "உனக்குக் கல்லு அழுக்காகக் கூடாது. நான் அழுக்கானாப் பரவால்லியா?"

பேராசிரியர் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார், ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி.

"உங்க புகாரு இனி எதுக்கு சார்? இவரு புகார் குடுத்தா எழுதிக்கறேன்," என்றார் மெர்சி. "என்ன பெரியவரே, குடுக்கறீங்களா?"

அர்த்தநாரி யோசித்தார். "அந்தக் கல்லுல தங்கம் கிங்கம் இருக்குதுங்களா?"

"இல்ல."

"வைரம்?"

"அதுவும் இல்ல. வயசு மட்டுந்தான்."

"ஏனுங்க, வயசு கண்டுபுடிக்கவா படிச்ச பையன் சாணிக்குழியில கைய உடுவான்? கேக்கறவன் கேனையனா இருந்தா எதையும் சொல்லுவீங்க. எனக்குப் புகாரும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். மொதல்ல ஜீப்பையும் இவனுகளையும் அக்கட்டால கொண்டு போங்க."

மெர்சி ஏட்டுக்குக் கண் காட்டினார். ஜீப் பின்வாங்கி ரோட்டுக்கு ஏறியது. பின்சீட்டில் சசிகுமார் ஏட்டின் கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டு போனான்.

பாப்பாயி மூக்கைச் சிந்தினாள். "அந்தம்மா இல்லீன்னா உங்கள இந்நேரம் உள்ள வெச்சிருப்பாங்க. ஒரு கும்பிடாச்சும் போட்டிருக்கலாமில்ல?"

"கும்பிடா? எல்லாரும் சேந்து என்னத்தையோ எடுத்துட்டுப் போறானுக, போடி," என்று வீட்டைப் பார்த்து நடந்தார் அர்த்தநாரி.