மூன்று வாளித் தொட்டித் தண்ணீர்

மதியம் மூன்று மணி. அழைப்புமணியை இரண்டாம் முறை அமுக்குவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வாங்கக்கா! ஆறு மாசமா ஆளையே காணோம். எங்களை மறந்தே போயிட்டீங்களோன்னு நினைச்சேன்," என்றாள் அந்த வீட்டு மருமகள்.

"இடுப்பு வலிம்மா. எங்கே குனிய, எங்கே நிமிர," என்றாள் மீன் தொட்டி கழுவ வந்தவள். பொய். இந்த வீட்டுப் பக்கம் வர அவளுக்குக் கால் எழவில்லை.

கூடத்தில் சோபா நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை தண்ணீர். பதினாறு மீன் திரிந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று, கிழட்டு ஆரஞ்சு மீன்.

"இதாவது பிழைச்சுக் கிடக்கணும்க்கா." மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "இதுவும் போச்சுன்னா என் வீட்டுக்காரர் என்னை அம்மா வீட்டுக்கே அனுப்பிடுவாராம். நான் கொசு மருந்து அடிச்சுத்தான் மீனெல்லாம் செத்துதாம். அந்த ஏக்கத்துலயே மாமாவும் போய்ச் சேர்ந்தாராம். இவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே எத்தனை மாசம் ஆச்சு!"

வந்தவள் தரையில் உட்கார்ந்து, தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே சம்ப் என்கிற வடிகட்டும் பெட்டி. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் துணிப்பை, பஞ்சு, செராமிக் வளையங்கள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, சுத்தமாகி, மோட்டார் வழியே மேலேறும்.

சம்புக்குப் பக்கத்தில் மூன்று வாளி. மூன்றிலும் தொட்டித் தண்ணீர். அருகே நாலாய் மடித்த துண்டு.

மாமனார் பெரியவர் உயிரோடு இருந்தபோது இப்படித்தான் எடுத்துவைப்பார். "அம்மாடி, குழாய்த் தண்ணி மட்டும் வேண்டாம். அந்த வளையத்துல கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர் குடியிருக்கு. அதுங்கதான் மீன் கழிவோட விஷத்தை முறிக்குது. குழாய்த் தண்ணியில கலக்குற மருந்து பட்டா அத்தனையும் செத்துரும்."

"வாளி நீ எடுத்து வச்சியாம்மா?"

"நானா? அந்தக் கதவைத் தொட்டா உங்க தம்பி கையை ஒடிச்சிருவார்."

"அப்ப அவரு?"

"காலையில ஏழு மணிக்கே வேலைக்குப் போயிட்டாரே."

விரலை நனைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. இப்போதுதான் மொண்டதுபோல. மூன்று வாளி மொண்டிருந்தால் தொட்டி நாலு விரல் இறங்கியிருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தாள். விளிம்புவரை தண்ணீர்.

ஆறு மாதத்துக்கு முன், அவள் கடைசியாக வந்த அன்று, பெரியவர் கண் அசந்திருந்தார். அவளுக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. வளையங்கள் போட்ட பைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், குளியலறைக் குழாயடியில் பளிச்சென்று அலசிவிட்டாள். நாலாம் நாள் மீன்கள் மிதந்தன. மருமகள் கொசு மருந்து அடித்ததும் அதே வாரம். பழி போய் உட்கார இடம் கிடைத்துவிட்டது. இவள் வாயைத் திறக்கவில்லை.

துணிப்பையைக் கழற்றி முதல் வாளியில் அலசினாள். இரண்டாவதில் பஞ்சைப் பிழிந்தாள், கறுப்பாய் இறங்கியது. மழையில் நனைந்த மண்ணின் வாசனை. வளையப் பைகளில் பாதியை மட்டும் மூன்றாவதில் இறக்கி மெல்ல ஆட்டினாள். தண்ணீர் கலங்கி, அவள் கையே அவளுக்குத் தெரியவில்லை.

பையின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. கூடவே ஆட்டினார்கள். மெதுவாக, பொறுமையாக, பெரியவர் ஆட்டுவதுபோல.

கையை உதறி எடுத்தாள்.

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

மருமகள் பக்கத்தில் வந்து குந்தினாள். "நிஜத்தைச் சொல்லுங்கக்கா. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் அடிச்ச மருந்தாலதான் செத்துதா?"

மோட்டார் நின்றது.

கிழட்டு மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்று அவளையே பார்த்தது.

சொல்லிவிடலாம். ஒரு வரிதான்.

"கொசு மருந்து மீனுக்கு ஆகாதுதான்மா," என்றாள்.

மூன்றாவது வாளியில் குமிழி ஒன்று பெருமூச்சுபோல் எழுந்து உடைந்தது. மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

தனிக்கட்டை அவள். பொழுது சாயும் நேரம் வீடு திரும்பி, கை கழுவச் சமையலறைக் குழாயைத் திறந்தாள்.

இளஞ்சூடு. பழுப்பு நிறம். நனைந்த மண் வாசனை.

மூடிவிட்டுத் திரும்பினாள்.

தரையில் மூன்று வாளி. அருகே நாலாய் மடித்த துண்டு.

"அம்மாடி..." காதுமடலில் ஈரம் பட்டது.

இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் எடுத்ததுதான் தாமதம், கொட்டிவிட்டாள். "நான்தான்மா. அத்தனை வளையத்தையும் குழாய்த் தண்ணியில கழுவிட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. உன் மருந்தால ஒரு மீனும் சாகல."

மறுமுனையில் விசும்பல்.

"கை ஈரம்னு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்க்கா. அவரும் கேட்டுட்டார். இப்பத்தான்... என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முடிந்தது.

"சரி, விடுங்கக்கா." மருமகள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அதென்னக்கா, பேசிக்கிட்டே பஞ்சு பிழியறீங்க? சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

அவளுடைய இரண்டு கைகளும் போனில்தான் இருந்தன.