இன்னும் இரண்டு கோசே

லமிசிக்கு முதுகு வலித்தது. இடுப்பில் தொடங்கித் தோள்பட்டை வழியாக ஏறிக் கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் வலி. அந்த வலிக்கு ஒரு பெயரும் இருந்தது. அயினே.

அயினே அவளுடைய தம்பி. மூன்று வயது முடிந்து நான்கு மாதம். அம்மா சாலையோரத்தில் கல் உடைக்கிறாள். தெறிக்கும் சில்லு பட்டால் கண் போய்விடும். அதனால் அவனைப் பக்கத்தில் விடமாட்டாள். விடிந்ததும் துணியால் லமிசியின் முதுகில் கட்டி அனுப்பிவிடுவாள்.

பிள்ளையோடு வகுப்புக்குள் வரக்கூடாது என்று நான்காம் வகுப்பு வாத்தியார் சொல்லிவிட்டார். லமிசி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் வகுத்தல் கணக்குப் படித்தாள். கரும்பலகையில் பாதி தெரியும். மீதியை அபானேயின் தலை மறைக்கும்.

அபானே கடைசி வரிசைக்காரன். கேஜியில் யாரோ அவனை 'மந்தம்' என்று ஏட்டில் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த ஏடு அவனுடனே வந்தது. அவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் கேஜிக்குப் பிள்ளை சேர்க்கும் நாள் வந்தது. பிறந்த தேதி எழுதிய சீட்டு ஊரில் பாதிப் பேரிடம் கிடையாது. தலைமையாசிரியரின் அளவுகோல் காதுதான். தலையை நிமிர்த்தி, வலது கையை உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் கேஜி. தொடாவிட்டால் வீடு.

லமிசி முந்தின வாரமே தம்பியை உட்காரவைத்துப் பழக்கினாள்.

"தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்க. தோளத் தூக்கு. இப்ப விரல நீட்டு."

"என்ன தருவ?"

"மூணு கோசே."

காராமணி மாவில் சுட்ட கோசேக்காக அயினே எதை வேண்டுமானாலும் தொடுவான். காது எம்மாத்திரம்?

அன்று வரிசையில் நாற்பது பிள்ளைகள். வெயில் வேறு. தலைமையாசிரியர் விரலைப் பார்த்தார், தலை சாய்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. ஐந்து வயது என்று எழுதிக்கொண்டார். லமிசி தன் காலைப் பங்கிலிருந்து ஒரு கோசேயை அப்போதே அவனுக்குக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். ஒரே வாரத்தில் வகுத்தல் புரிந்துவிட்டது. முதுகுவலியும் போய்விட்டது.

கேஜியில் நிலைமை வேறு. மற்றவர்கள் எழுத்து வரைந்தார்கள். அயினே சாக்பீஸைத் தின்றான். மற்றவர்கள் பாடினார்கள். அயினே பாயில் குறட்டை விட்டான். இரண்டு முறை கால்சட்டையை நனைத்தான். பிள்ளைகள் அவனுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தார்கள். அசாரா மேடம் மூன்று கற்களை வைத்து எத்தனை என்று கேட்டால், "நிறைய" என்பான்.

ஆறாவது வாரம் மேடம் லமிசியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உன் தம்பிக்கு எதுவுமே மண்டையில ஏறல. அஞ்சு வயசுப் பையன் இப்படியா இருப்பான்? வெள்ளிக்கிழமை ஏட்டுல எழுதியாகணும்."

"என்னன்னு மேடம்?"

"மந்தம்னுதான். வேற என்ன எழுதறது?"

மறுநாள் கணக்கு வகுப்பு. எண்பதை ஐந்தால் வகுத்தால் எவ்வளவு என்று வாத்தியார் கேட்டார். முன்வரிசையில் மூன்று பேர் தப்பாகச் சொன்னார்கள். அபானே குனிந்தபடி, தன் பெஞ்சுக்குச் சொல்வதுபோல, "பதினாறு" என்றான். வாத்தியாருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த லமிசிக்குக் கேட்டது.

அன்று அவளால் வேறு கணக்கு எதுவும் போட முடியவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பி மறுபடி முதுகுக்கு வருவான். அவள் மறுபடி ஜன்னலுக்கு வெளியே போவாள். சொல்லாவிட்டால் அந்த ஏடு அவன் பின்னாலேயே போகும்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் பேனாவை எடுத்தபோது லமிசி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றாள்.

"அவன் மந்தமில்ல மேடம். சின்னவன். மூணு வயசுதான் ஆகுது."

"காதத் தொட்டானே?"

"தலையச் சாய்க்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான்."

மேடம் பேனாவை மூடினார். அயினேயை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தாடையைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். விரல் உச்சந்தலையைத் தாண்டி, காதுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. அயினே நாக்கைத் துருத்திப் பார்த்தான். அப்போதும் எட்டவில்லை.

"இதுக்கு இவன் எப்படிச் சம்மதிச்சான்?"

"மூணு கோசே தர்றதாச் சொன்னேன். ஒண்ணு குடுத்துட்டேன்."

"இன்னும் ரெண்டு" என்றான் அயினே.

மேடம் அவனைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த மூன்று கற்களைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார்.

"இவன் பேர அடிச்சாகணும் லமிசி. அடுத்த வருஷம் வரட்டும். இல்ல, அதுக்கடுத்த வருஷம்."

"அடிச்சுடுங்க மேடம். ஆனா பாய மட்டும் விட்டுடுங்க."

"பாயா?"

"மத்தியானம் வரைக்கும் அதுல தூங்கட்டும். பேர் இல்லாதவன ஏட்டுல மந்தம்னு எழுத முடியாது இல்லையா?"

மேடம் பேனாவைத் திறந்தார். ஏட்டில் ஒரு கோடு இழுத்தார். கால்சட்டை நனைந்தால் லமிசிதான் வந்து துவைக்க வேண்டும் என்றார். பாயை எடுத்து மூலையில் விரித்தார். அயினே போய்ப் படுத்துக்கொண்டான்.

மத்தியானத்திலிருந்து மணி அடிக்கும் வரை லமிசிக்கு ஜன்னலுக்கு வெளியேதான் பாடம். அவள் போய் நிற்பதற்குள் அபானே தன் பெஞ்சை ஒரு முழம் நகர்த்திப் போட்டிருந்தான். இப்போது கரும்பலகை முழுவதும் தெரிந்தது.

மாலையில் லமிசி தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள். வலி இடுப்பிலிருந்து ஏறத் தொடங்கியது. பாதி வழியில் காதோரம் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, ரெண்டு."

"தெரியும்டா."

அந்த இரண்டு கோசே இன்னும் பாக்கி.