நாக்கில் முடி

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சித்தியின் காதில், ஓட்டில் விழும் மழையையும் குழாய்த் தண்ணீரையும் தாண்டி, அந்தச் சத்தம் விழுந்தது. உள்ளறையில் குட்டி தொண்டையைச் செருமினாள். ஆறு வயசுக் குழந்தை செருமுகிற மாதிரியே இல்லை. சபையில் பேச எழுந்த பெரிய மனுஷர் செருமுவதுபோலக் கனமாக, விட்டு விட்டு.

சற்று நேரத்தில் அவளே அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"சித்தி, நாக்குல முடி ஒட்டியிருக்கு."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள் சித்தி. முடி எதுவும் இல்லை. "தண்ணி குடிடா செல்லம், போயிடும்."

சொல்லும்போதே கண் தானாக மிக்ஸி ஜார் பக்கம் போனது. மதியம் குழம்புக்கு முந்திரி அரைத்த ஜார். அதைப் பேருக்கு அலசிவிட்டு, அதிலேயே குட்டிக்கு வாழைப்பழமும் பாலும் அடித்துக் கொடுத்திருந்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பிய அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். "முந்திரி துளிகூட ஆகாதுடி அவளுக்கு. தடிப்பு வந்து குரலும் மாறிச்சுன்னா யோசிக்காதே. ஃபிரிட்ஜ் மேல பேனா மாதிரி அலர்ஜி ஊசி இருக்கு, தொடையில குத்திட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

"ஏன்க்கா, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று சித்தி சிரித்திருந்தாள்.

குட்டி காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தாள். கழுத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. கொசுவாக இருக்கும். பக்கத்திலேயே இன்னொன்று. வேர்க்குருவோ என்னவோ. "வயிறு வலிக்குது சித்தி" என்றபோது அந்தக் குரல் ஈரத்துணியைக் கிழிப்பதுபோலக் கரகரத்தது.

மழையில் ஆடினாள், சளி பிடித்திருக்கும். சித்தியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. ஊசியைப் போட்டால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். போடாமலே சரியாகிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம். கொஞ்சம் பார்ப்போம்.

"போய்ப் படுத்துக்கோ. சித்தி இதோ வந்துடறேன்."

ஜாரை எடுத்துத் தேய்த்தாள். சோப்பு மணத்துக்கு அடியில் முந்திரியின் இனிப்பு வாசம் போகவில்லை. மறுபடி தேய்த்தாள். உள்ளே செருமல். இருமல். மறுபடி இருமல். பிறகு ஒன்றுமில்லை.

அப்பாடா, தூங்கிவிட்டாள்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி பண்றா?"

"விளையாடுறாக்கா." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டுக் குடு. ஒரு வார்த்தை பேசிட்டு வெச்சிடறேன்."

ஸ்பீக்கரைப் போட்டாள். போனைப் பிடித்தபடி நடந்தாள். கதவைத் தள்ளினாள்.

குட்டி தூங்கவில்லை.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தை நீட்டி. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. சத்தமே இல்லை. உதடு வீங்கி, நீலம் பாரித்து. இமை வீங்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்.

சித்தி ஓடினாள். பேனா. மூடி வரவில்லை. பல்லால் இழுத்தாள். தொடை. அழுத்தினாள். க்ளிக்.

"அக்கா..."

முந்திரி என்ற அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை. போன் படுக்கையில் கிடந்தது.

"கண்ணு, அம்மாடா. என்னடா பண்றே?"

அம்மாவின் குரலுக்குக் குட்டியின் தலை மெல்லத் திரும்பியது. பிறகு அந்தக் கீறல்கள் சித்தியைப் பார்த்தன. வீங்கிய உதடுகள் அசைந்தன. ஒரு துளி ஒலியும் இல்லை. ஆனாலும் சித்திக்கு எழுத்தெழுத்தாகப் புரிந்தது.

விளையாடுறேன்.

"கேக்கலடா செல்லம்" என்றது போன். "சத்தமாச் சொல்லு."