ஆறாவது டிஸ்க்

ஐந்தாவது டிஸ்க்கையும் உள்ளே வாங்கிக் கரகரவென்று அரைத்து முடித்த கம்ப்யூட்டர், ஆறாவது டிஸ்க்கைப் போடச் சொன்னது.

லியனார்ட் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். ஐந்துதான் இருந்தன. கூட வந்த புத்தகத்திலும் ஐந்து என்றே அச்சடித்திருந்தது. உறைகளுக்குள் விரலை விட்டுத் துழாவினார், மேசைக்கடியில் குனிந்து தேடினார், பிறகு திரையை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தார். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகக் கிளாக்கர் வேலை பார்க்கிறவருக்கு இந்த அளவு ஆங்கிலம் தெரியாதா? ஆறு என்றுதான் இருந்தது.

மனைவி பெற்றீசியாவின் அண்ணன் றோலண்ட் துபாயிலிருந்து கொண்டுவந்து, அட்டன் வீட்டில் இடமில்லை என்று இங்கே விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. "தொட்டுறாதீங்க மச்சான், ஞாயித்துக்கெழம வந்து நானே காட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கை சும்மா இருந்தால்தானே! முந்தின நாள் எதையோ தட்டப் போய், கம்ப்யூட்டரை ஓட வைக்கிற சிஸ்டமே அழிந்துவிட்டது. இனி ஐந்து டிஸ்க்கையும் வரிசையாகப் போட்டு அதை முதலிலிருந்து ஏற்றியாக வேண்டும். நாளை பூசை முடிந்ததும் றோலண்ட் வந்துவிடுவான். அவன் முன்னால் மூக்குடைபடக் கூடாது என்பதுதான், 1988 ஜூன் மாதத்துச் சனிக்கிழமையான அன்று பிற்பகல் வரை, லியனார்டுக்கு இருந்த ஒரே பயம்.

வெளியே மூடுபனி தேயிலைத் தூர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் ஜன்னல் வரை வந்திருந்தது. தகரக் கூரையில் தூறல் ஓயாமல் முணுமுணுத்தது, குசினியில் பெற்றீசியா ரொட்டி தட்டும் சத்தமும் தேங்காய்ப்பூ கருகும் வாசனையும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், ஈரமான புது மண்ணின் வாடை ஒன்று அறைக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஜன்னல் பூட்டியிருந்தது. அப்படியும் அந்த வாடை வந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கைப் பஞ்சால் துடைத்து, முதலிலிருந்து தொடங்கினார். காலையில் முதல் டிஸ்க் பெயர் கேட்டிருந்தது. லியனார்ட் எந்த விண்ணப்பப் பாரத்திலும் மனமறிந்து தன் பெயரை எழுத மாட்டார். அவருடைய அப்பா பிரஜாவுரிமை கேட்டு ஒரு பாரத்தில் பெயர் எழுதிக் கொடுத்தார். சில வருடம் கழித்துக் கடிதம் வந்தது, அட்டன் ஸ்டேசனில் கோச்சி வண்டியில் ஏற்றினார்கள், கப்பல் ஏற்றினார்கள், இந்தியாவுக்குப் போனவர் போனவர்தான். பெயர் கொடுத்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது லியனார்டுக்கு எலும்பில் ஊறிய பயம். அதனால், இனி யாராலும் எங்கும் கொண்டுபோக முடியாத ஒருவருடைய பெயரைத் தட்டி வைத்திருந்தார். மூக்கன்.

இம்முறை திரை பெயர் கேட்கவில்லை. 'மூக்கன் - வரவு' என்று ஆங்கில எழுத்தில் காட்டியது.

லியனார்டின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. வரவு என்பது பெரட்டில் போடுகிற குறி. விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, குரல் கொடுத்தவருக்குப் போடுகிற குறி. அதைக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார். 'ராக்காயி - வரவு.' மூன்றாவது. 'நாகலெட்சுமி - வரவு.' நான்காவது, ஆண்டியப்பன். ஐந்தாவது, பேச்சியம்மா.

அதே வரிசை. இரண்டு வருடத்துக்கு முன் கணக்கப்பிள்ளை காய்ச்சலில் படுத்த ஒரு விடிகாலையில், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் இதே பெரட்டுக்களத்தில், கொட்டும் மழையில் லியனார்ட்தான் பெயர் கூப்பிட்டார். "ஐயா, பத்தாம் நம்பர் மலையில மண்ணு வெடிச்சுக் கெடக்குங்க" என்றான் மூக்கன். "சும்மா கத பேசாம போங்கப்பா" என்று இவர்தான் விரட்டினார். அன்றே மலை சரிந்து ஐந்து பேரையும் மூடிக்கொண்டது. ஐந்து பெயரையும் சிவப்பு மையால் வெட்டியதும் இவர்தான். அந்த விடிகாலைக்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை.

திரை மறுபடியும் கேட்டது. ஆறாவது டிஸ்க்கைப் போடவும்.

சுவிட்சை அணைத்தார். திரை அணையவில்லை. வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

அணையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பனி கொஞ்சம் விலகியது. பெரட்டுக்களத்தில் யாரோ நின்றார்கள். தலையிலிருந்து முழங்கால் வரை கம்பளி. கம்பளியிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டியது. எண்ணினார். ஐந்து. ஐந்தாவதற்கு அடுத்து, ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தார்கள்.

"என்னங்க, தேத்தண்ணி ஆறிப் போச்சு. இன்னும் அத வச்சுக் கொடஞ்சுக்கிட்டா இருக்கீங்க?" ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெற்றீசியா வந்தாள். நீல ஸ்வெட்டரில் மாவு அப்பியிருந்தது.

அவளிடம் வயரைக் காட்ட வேண்டும், ஜன்னலைக் காட்ட வேண்டும், இப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். நாக்கு எழவில்லை. கையில் கிடந்த வயரைத் தூக்கிக் காட்டினார். அவள் திரையைத்தான் பார்த்தாள். அங்கே இப்போது டிஸ்க் கேட்கவில்லை. மேலே 'மூக்கன்' என்று காட்டி, கீழே இன்னொரு பெயர் கேட்டது.

"மூக்கனா? செத்த மனுசன் பேர ஏங்க குடுத்தீங்க? பொய்ப் பேரு குடுத்தா அது எப்புடி வேல செய்யும்?" என்று சிரித்தாள். "ஊர்ல இருக்க எல்லா பாரத்துக்கும் பயம். எங்க அண்ணன் கொண்டாந்த சாமானுக்குமா?" நாற்காலியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

"வேணாம் புள்ள..." காற்றுத்தான் வந்தது. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் டைப் அடித்துப் பழகிய கை அது. அதற்குள் கடைசி எழுத்தும் விழுந்திருந்தது.

பெற்றீசியா.

டிஸ்க் இல்லாத துவாரத்துக்குள் கரகரவென்று எதுவோ அரைபட்டது. நிதானமாக. முழுதாக. திரையில் 'முடிந்தது' என்று வந்தது.

"பாத்தீங்களா?" என்றாள்.

வெளியே ஒரு குரல் பெயர் கூப்பிட்டது. "மூக்கன்!"

"இருக்கேங்க."

"ராக்காயி!"

"இருக்கேங்க."

லியனார்டுக்கு அந்தக் குரல் தெரியும். மழைச் சத்தத்துக்கு மேலே உயர்த்திய, சலித்துப்போன, அவசரக் குரல். அவருடைய குரல். நாகலெட்சுமி. ஆண்டியப்பன். பேச்சியம்மா. ஒவ்வொருவரும் குரல் கொடுத்தார்கள். அவர் பெற்றீசியாவின் மணிக்கட்டை இறுக்கினார். எலும்பு தட்டுப்படுமளவு இறுக்கினார். மாதாவே, விட மாட்டேன்.

"பெற்றீசியா!"

"இருக்கேங்க."

வெளியிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தார். பிடிக்குள் குளிர்ந்த ஈர மண். விரல் இடுக்கில் பிதுங்கி மேசையில் விழுந்தது. நாற்காலி காலி. குசினியில் ரொட்டி கருகிப் புகைந்தது.

ஜன்னலுக்குப் பாய்ந்தார். ஆறாவது இடத்தில் நீல ஸ்வெட்டர். தலையில் கம்பளி. மாவு பட்ட கையைத் தூக்கியபடி நின்றாள்.

"பத்தாம் நம்பர் மலைக்கு" என்றது அவருடைய குரல். "சும்மா கத பேசாம போங்கப்பா."

வேண்டாம் என்று கத்தினார். வாய் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. கண்ணாடியில் மூச்சு மட்டும் படிந்தது. குரல் அவரிடம் இல்லை. அது வெளியே நின்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைக் கையால் துடைத்தார். செம்மண் இழுபட்டது. அந்தச் சிவப்புக்குள்ளே ஆறு பேரும் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் போனவளின் காலில் குசினிச் செருப்பு இருந்தது.