ரோஹிணி குழந்தைக்கு மட்டும்

டிசம்பர் மாதம். காலை பத்து மணி ஆகியும் கரோல் பாக் தெருக்களில் மூடுபனி விலகவில்லை. மருத்துவமனையின் ரத்த வங்கிக்குள் நுழைந்த சுபாஷிணி ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை, போன் அலறியது.

மாடியில் உள்ள பச்சிளங்குழந்தை வார்டிலிருந்து அழைப்பு. டாக்டர் ஜெயராம்.

"சுபா, மானசாவோட குழந்தைக்கு ரத்தம் வேணும். பாம்பே குரூப். ஜல்தி!"

பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் வகை. தில்லி முழுக்க விசாரித்தாயிற்று, இல்லை. அதே வகை ரத்தமுள்ள மானசாவே பிரசவத்தில் ரத்தம் இழந்து துவண்டு கிடந்தாள்.

"ஃப்ரீசர்ல ஒரு பை இருக்கு சார். ஆனா..."

ஆனால் அது ரோஹிணியுடையது. பிறக்கப்போகும் தன் பிள்ளைக்கென்று முன்கூட்டியே கொடுத்து உறையவைத்த ரத்தம். மூன்று வருடத்துக்கு முன் தாயும் பிள்ளையும் இதே மாடியில் சேர்ந்தே போனார்கள். அவள் கைப்பட எழுதிக் கட்டிய சீட்டு மட்டும் பையில் தொங்கியது. 'பேபி ஆஃப் ரோஹிணிக்கு மட்டும்.'

"செத்தவ வந்து கேஸ் போடப் போறாளா? எடும்மா!"

சுபாஷிணி சீட்டைக் கிழித்தாள்.

வெந்நீர்த் தொட்டியில் பை மெல்ல இளகியது. அறையில் வேறு யாருமில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ முக்கினார்கள்.

பிரசவ வலியில் முக்குகிற மூச்சு.

திரும்பினாள். வெறும் சுவர்.

உறைமருந்து நீங்கக் கழுவிய ரத்தத்தோடு மாடிக்கு ஓடினாள். ஏற்றுமுன் இருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவள் பை எண்ணைப் படித்தாள். ஜெயராம் குழந்தையின் கைப்பட்டையைப் படித்தார்.

"பேபி ஆஃப் மானசா."

"பேபி ஆஃப் ரோஹிணி."

இரண்டாவது குரல் சுபாஷிணியுடையது அல்ல.

"சார்... கேட்டுச்சா?"

ஜெயராம் மானிட்டரைப் பார்த்தார். குழந்தையின் நாடித்துடிப்பு சரிந்துகொண்டிருந்தது.

"ஏத்து," என்றார்.

குழந்தை பிழைத்தது.

மூன்றாம் நாள் மதியம் மானசாவைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அதுவரை குழந்தைக்கு நரம்பு வழியே ஏறிய குளுக்கோஸ் மட்டும்தான். முதல்முறையாகக் குழந்தையை மார்போடு அணைத்தாள். சுபாஷிணி பக்கத்தில் நின்றாள்.

குழந்தை வீறிட்டது. முகத்தைத் திருப்பி, ஆளில்லாத பக்கமாக வாயைக் குவித்தது.

அழுகை நின்றது.

வெறுங்காற்றைச் சப்பியது. தொண்டை ஏறி இறங்கியது.

விழுங்குகிறது!

கடைவாயில் வெள்ளையாக ஒரு துளி வழிந்தது. மானசா விரலால் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா..." விரலைச் சுபாஷிணியிடம் நீட்டினாள். "எனக்கு இன்னும் பாலே ஊறலையே."