செறுவூர் எல்லைக் காப்பு

பங்குனி மாதத்து முழுநிலவு, வெள்ளாற்றின் கீழ்க்கரைப் பனந்தோப்புக்குப் பின்னாலிருந்து, துலக்கி வைத்த செப்புக் குடம்போலச் செம்மை படர எழுந்துகொண்டிருந்தது. மேற்கே பகலவன் விட்டுச் சென்ற கடைசி ஒளி இன்னும் அணையவில்லை. அந்த இரண்டு வெளிச்சங்களுக்கும் நடுவில் ஆறு மெலிந்து கிடந்தது. அகன்ற மணற்பரப்பில் நீர் பல இழைகளாகப் பிரிந்து, பிரிந்த இழைகள் மீண்டும் கூடி, மினுமினுத்து நெளிந்தது. ஆற்றின் மேல்கரையில் செறுவூரின் வயல்கள். முற்றிய கதிர்கள் பாரம் தாங்காமல் தலைசாய்த்து நின்றன. ஆனால் அரிவாள் படும் ஓசை அங்கே எழவில்லை. குலவைப் பாட்டுக் கேட்கவில்லை. களத்து மேட்டில் ஒரு நெற்போர்கூட எழும்பவில்லை.

அன்புள்ள வாசகர்களே, விளைந்த வயல் இப்படி மௌனமாக நின்றால் அந்த ஊரில் ஏதோ பெருந்தீங்கு புகுந்துவிட்டது என்று பொருள். அதை அறிந்தவனாகத்தான் காரி ஐயாறன் தன் குதிரையை ஆற்று மணலில் விரைவாகச் செலுத்திக்கொண்டிருந்தான்.

ஐயாறன் நெடுவயல் நாட்டின் குதிரைப்படைத் தலைவன். கருவிளைப் பூவின் கருநீல நிறத்தைக் கொண்டதால் கருவிளை என்றே பெயர் பெற்ற பெண்குதிரை அவனைச் சுமந்து வந்தது. பின்னால் அவனுடைய வீரர்கள் சிலர் வந்தனர். அவன் நெஞ்சில் கனத்தது ஒரு கட்டளை. நாட்டை ஆளும் வேள் வடக்கே போர்முனையில் இருந்தார். கோட்டையையும், தொட்டிலில் கிடந்த இளவரசனையும் காக்கும் பொறுப்பு வேளின் மாமன் கடம்பராயரிடம் இருந்தது. செறுவூரில் பெரியம்மை கண்டுவிட்டது என்ற செய்தி வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "முன்னால் போய் ஊரைக் காலி செய். நிலவு பனை உச்சிக்கு வரும் நேரம் நான் தீவட்டிகளோடு வருவேன். அந்த ஊர் இனி இருக்கக் கூடாது."

எல்லைக் கல்லை நெருங்கியதும் ஒரு குரல் அவனைத் தடுத்தது.

"குதிரைய அங்கிட்டே நிறுத்துங்க ஐயா! ஊருக்குள்ள ஆத்தா இறங்கியிருக்கா!"

கல்லுக்கு அப்பால், வேப்பங்கிளையைக் கையில் பிடித்தபடி ஊர்த்தலைவர் குன்றன் நின்றார். அவருக்குச் சற்றுப் பின்னால், தலையிலிருந்து முகம் வரை வெள்ளைத் துகிலால் மூடிய ஒரு பெண் நின்றாள்.

"நோய் எப்படி வந்தது, குன்றரே?" என்று ஐயாறன் கேட்டான்.

"உப்பு வண்டிக்காரன் ஒருத்தன் காய்ச்சலோட வந்தான். மழையில நனைஞ்ச கோழி கணக்கா நடுங்குனான். கஞ்சி ஊத்திப் படுக்க வச்சோம். அது தப்புங்களா? மூணாம் நாள் அவன் முகமெல்லாம் முத்து. அப்புறம் கஞ்சி ஊத்தின வீட்டுல, அடுத்த வீட்டுல, அதுக்கடுத்த வீட்டுல."

"எல்லோரையும் உடனே வெளியேற்றுங்கள். காட்டுக்கோ, உறவினர் ஊருக்கோ போகட்டும். ஊரை எரிக்கக் கடம்பராயர் வருகிறார்."

குன்றனின் கையிலிருந்த வேப்பங்கிளை தாழ்ந்தது. அவர் வாய் திறப்பதற்குள் முக்காட்டுப் பெண் முன்வந்து பேசினாள்.

"குதிரைத் தலைவரே, எறும்புப் புற்றுக்குத் தீ வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எறும்பு அழிவதில்லை, வீடு முழுவதும் பரவுகிறது. இங்கே நாற்பது வீடுகளில் அடங்கியிருக்கும் நோயை நீங்கள் நான்கு திசைக்கும் நடத்தி அனுப்பப் பார்க்கிறீர்கள்."

அவள் குரலில் இருந்த துணிவு ஐயாறனை வியக்க வைத்தது. "தாங்கள் யார் அம்மா?"

"மருத்துவச்சியம்மா" என்றார் குன்றன். "போன வருசம் ஆத்தங்கரையில வந்து குடிசை போட்டாங்க. இப்ப இவங்க இல்லேன்னா பாதி ஊரு மண்ணுக்குள்ள."

அந்த நேரம் எதிர்பாராத ஒன்று நடந்தது. பழகாதவர் அருகே வந்தால் காதை மடக்கிக்கொள்ளும் கருவிளை, கழுத்தை நீட்டி, நெடுநாள் பிரிந்தவரைக் கண்டதுபோல் கனைத்து, எல்லைக் கல்லைத் தாண்டப் பாய்ந்தது.

"அவளைப் பிடியுங்கள்!" என்று முக்காட்டுப் பெண் பின்வாங்கினாள். "அவள் கழுத்தில் என் கை பட்டால், அந்த இடத்தில் நாளை உங்கள் கை படும். இந்த நோய்க்குக் கால் கிடையாது, ஐயா. நம் கையிலும் துணியிலும் ஏறித்தான் பயணம் செய்கிறது. உதிர்ந்த பொருக்கு ஒன்று போர்வை மடிப்பில் ஒளிந்திருந்தால் போதும், வண்டி ஏறி அடுத்த நாட்டுக்கே போய்விடும்."

ஐயாறன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். மங்கிய வெளிச்சத்தில் இது பெண்குதிரை என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? கேள்வி எழுந்தது, கேட்க நேரம் இல்லை. நிலவு பனையின் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.

"அப்படியானால் தாங்கள் நோயாளிகளைத் தொடுகிறீர்களே?"

"ஒருமுறை வந்துபோன உடம்புக்கு அது மறுமுறை வருவதில்லை. எனக்கு வந்துபோய்விட்டது. உங்களுக்கு?"

"இல்லை."

"அப்படியானால் அந்தக் கல்லைத் தாண்டாதீர்கள். ஒருபோதும்." கடைசிச் சொல்லில் அவள் குரல் சற்றே நடுங்கியதாக அவனுக்குத் தோன்றியது.

குன்றன் தொண்டையைச் செருமினார். "எரிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு வினையும் இருக்குங்க ஐயா. நாளைக்கு விடிஞ்சா பிடாரிக்குக் கூழ். சுத்துப்பட்டு எட்டு ஊரும் வரும்."

"அவர்களை வர வேண்டாம் என்று சொல்லுங்கள்!"

"எப்படிங்க? நோய் காணுறதுக்கு முன்னாடியே பறையடிச்சு அழைச்சாச்சு. அம்மை கண்டிருக்குன்னு தெரிஞ்சா இன்னும் வேகமா வருவாங்க. இளநீரும் நுங்கும் தூக்கிக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுலயும் புகுந்து பாத்து, ஒரே பானையில கூழு குடிச்சுட்டுப் போனாத்தான் உறவு. பிடாரி பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளை வராதேன்னா, அப்புறம் எங்க ஊருல எவனும் பொண்ணெடுக்க மாட்டான்."

ஐயாறன் திகைத்தான். அன்பே இங்கே நோய்க்கு வாகனமாகியிருந்தது! எட்டு ஊரும் வந்து, எட்டு ஊருக்கும் திரும்பினால், கோட்டையின் மதில் எவ்வளவு உயரமாக இருந்து என்ன பயன்? கோட்டைக்குப் பாலும் நெல்லும் வருவது அந்த எட்டு ஊர்களிலிருந்துதான்.

"இதைத் தடுக்க வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. காப்பு." குன்றன் பெருமூச்சு விட்டார். "அது நம்ம கையில இல்லே."

வாசகர்களே, காப்பு என்பது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது எந்தக் கோட்டைக் கதவைக் காட்டிலும் நுட்பமான பொறி. மஞ்சளில் தோய்த்த நூலில் வேப்பிலை முடிந்து முதலில் ஒருவரின் மணிக்கட்டிலும், பிறகு ஊர் எல்லைக் கற்களிலும் கட்டுவார்கள். அந்த முதல் முடிச்சு விழுந்த கணத்தில் ஊருக்குள் இருப்பவர் வெளியேறக் கூடாது. வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. முதல் கையில் கட்டிய காப்பு அவிழும் வரை அரசனுக்கும் இதில் விலக்கு இல்லை. காவலுக்குப் படை வேண்டாம். பிடாரியின் மேல் உள்ள பயமே காவல். வழக்கமாகக் கூழ் விருந்து முடிந்து விருந்தினர் திரும்பிய பின்பே காப்புக் கட்டுவார்கள். ஆனால் எந்த நேரம் கட்டுவது என்பது கட்டிக்கொள்பவரின் விருப்பம். இந்தப் பொறிக்கு ஒரே ஒரு சாவிதான். முதல் காப்பு வேளிர் குலத்தவர் கையில்தான் ஏற வேண்டும். தலைமுறை தலைமுறையாக வேள் வந்து கட்டிக்கொண்டு, காப்பு அவிழும் வரை அந்த ஊரிலேயே தங்குவது மரபு.

"வேள் போர்முனையில். இளவரசர் தொட்டிலில்" என்றான் ஐயாறன் கசப்போடு. "இன்னொருவர் இருந்தார். அவரும்..."

வேளின் தங்கை அரிஞ்சிகைக்கும் அவனுக்கும் மணம் பேசி முடிந்திருந்தது. பெரியம்மை முதன்முதலில் கோட்டைக்குள் நுழைந்த ஆண்டில் அவள் இறந்துவிட்டாள் என்று அரண்மனை அறிவித்தது. அப்போது எல்லைப்புறத்தில் இருந்த ஐயாறனுக்கு அவள் சாம்பல்கூடக் காணக் கிடைக்கவில்லை. அவள் கையால் கரும்பு தின்று வளர்ந்த கருவிளை மட்டுமே அவனுக்கு மிஞ்சியது.

கருவிளை மீண்டும் கனைத்தது. ஐயாறனின் கை கடிவாளத்தில் அசையாமல் நின்றுவிட்டது.

அவன் வாய் திறக்குமுன் ஆற்று மணல் சிவந்தது. தீவட்டிகள்! யானை மேல் வீற்றிருந்த கடம்பராயரின் நரைமீசை அந்த வெளிச்சத்தில் செம்பாகத் தெரிந்தது.

"ஐயாறா! ஊர் இன்னும் காலியாகவில்லையா?"

"காலி செய்தால் நோய் நாடெங்கும் பரவும், ராயரே. எரிப்பது தீர்வாகாது."

"என் தங்கையின் பேரன் தொட்டிலில் இருக்கிறான்! ஒருத்தியை இந்த நோய்க்குக் கொடுத்தது போதும். நீ விலகு, இல்லையென்றால் உன்னையும் கடந்து போவேன்."

ஐயாறன் குதிரையிலிருந்து இறங்கி, எல்லைக் கல்லுக்கு முதுகு காட்டி, வாளை உருவி நின்றான். அவனுடைய வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"கடந்து வாருங்கள்" என்றான்.

"மாமா!"

அந்த ஒற்றைச் சொல் இரு தரப்பையும் உறைய வைத்தது. முக்காட்டுப் பெண் நிலவொளியில் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு வில் பிடிக்கக் கற்றுத் தந்த கை இன்று தீவட்டி பிடித்திருக்கிறதே, மாமா. குறி தவறிவிட்டதே!"

அவள் துகிலை விலக்கினாள். நிலவு அவள் முகத்தில் முழுமையாக விழுந்தது. கன்னங்களிலும் நெற்றியிலும் அம்மைத் தழும்புகள், மழை பெய்த மணற்பரப்பைப்போல. ஆனால் அந்தக் கண்கள்! ஐயாறன் திரும்பிப் பார்த்தான். அவன் கையிலிருந்த வாள் மணலில் விழுந்தது.

"அரிஞ்சிகை..." என்ற கடம்பராயரின் குரல் உடைந்தது. "நீ பிழைத்தாயா? உன் தாய் சொன்னாளே..."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இந்த முகத்தோடு அரண்மனையில் இருக்க அன்று எனக்கு வெட்கம். இன்று வெட்கம் இல்லை, மாமா. ஊரே நெருங்க அஞ்சும் பாயருகே நான் அஞ்சாமல் உட்கார்கிறேன் என்றால், இந்தத் தழும்புகள்தான் எனக்குக் கவசம்." அவள் கையை நீட்டினாள். "குன்றரே, காப்பு நூல் எங்கே?"

"தாயே! இப்பவா? கூழுக்கு முன்னாடியா?"

"முன்னால் கட்டக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?"

குன்றன் ஒரு கணம் யோசித்தார். அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு சிரிப்பு மலர்ந்தது. "அட, எவனும் சொல்லலையே! கட்டுனதுக்கப்புறம் வந்தா அது அவங்க குத்தம், நம்ம குத்தமில்ல. இனி எவனும் தயங்காம நம்ம ஊருல பொண்ணு எடுப்பான்!"

மஞ்சள் நூல் வேளிர் குலத்துக் கையில் ஏறியது. குன்றன் முடிச்சிட்டார். பறை முழங்கியது, ஊருக்குள்ளிருந்து குலவை எழுந்தது, முதலில் தயங்கி, பிறகு ஓங்கி.

"இனி இந்த ஊரில் தீ வைப்பவர் வேளிர் குலத்தின் மேல் தீ வைக்கிறார்" என்றாள் அரிஞ்சிகை. "வெளியிலிருந்து உணவு வரட்டும். கல்லின் மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பிறகு நாங்கள் எடுத்துக்கொள்வோம். உள்ளே வந்த பானை வெளியே திரும்பாது. கடைசி நோயாளியின் கடைசிப் பொருக்கு உதிர்ந்து, துணியெல்லாம் எரிந்து, எல்லோரும் தலை முழுகிய பிறகே காப்பு அவிழும். நோய் வந்து தேறியவர்கள் நெல்லை அறுப்பார்கள். காப்பு அவிழும் வரை அந்த நெல் இங்கேயே இருக்கட்டும்."

கடம்பராயர் யானையிலிருந்து இறங்கினார். கையிலிருந்த தீவட்டியை மணலில் குத்தி அணைத்தார். அவருடைய ஆட்களும் அப்படியே செய்தார்கள். ஆறு முழுவதும் மீண்டும் நிலவுக்குச் சொந்தமாயிற்று. "எட்டு ஊர்ப் பாதைக்கும் ஆள் அனுப்புகிறேன்" என்றார் கிழவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அரிசிக்குக் குறைவிராது, மகளே."

ஐயாறன் கருவிளையிடம் போனான். குதிரைப் புண்ணுக்குப் போடும் மஞ்சள்பொடி சேணப்பையில் இருந்தது. தன் மேலாடையின் ஓரத்தைக் கிழித்து, ஆற்றுநீரில் குழைத்த மஞ்சளில் தோய்த்து, கல்லுக்கு வெளிப்புறத்தில் நின்றபடியே தன் மணிக்கட்டில் சுற்றினான். ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"வேளிர் குலத்தவர்தானே கட்டலாம்?" என்றாள் அரிஞ்சிகை. அவள் உதட்டில் குறும்பு எட்டிப் பார்த்தது.

"அது உள்ளே. வெளியே யார் கட்டுவது என்று மரபு சொல்லவில்லை."

"முடிச்சு கோணலாக இருக்கிறது."

"அவிழ்க்கும் அன்று தாங்கள் சரி செய்யுங்கள், தேவி." ஐயாறன் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டான். இருவருக்கும் நடுவில் எட்டினால் தொட்டுவிடும் தூரம்தான் இருந்தது, இருவரும் எட்டவில்லை. "இந்தப் பிடாரி எல்லை சாட்சியாகச் சொல்கிறேன். உங்கள் கையில் காப்பு இருக்கும் வரை என் கையிலும் இருக்கும். அதுவரை ஒருவரும் இந்தக் கல்லைத் தாண்ட விடமாட்டேன், நானும் தாண்டமாட்டேன். ஆனால் அது அவிழும் காலையில் இந்தக் கல்லைத் தாண்டி வரும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பகல் வெளிச்சத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச நிறைய இருக்கிறது."

"பகல் வெளிச்சத்தில் இன்னும் நிறையத் தழும்பு தெரியும்."

"தெரியட்டும். ஒவ்வொன்றையும் விசாரிக்கிறேன்."

கருவிளை மூன்றாம் முறை கனைத்தது. "கரும்பு கேட்கிறாள்" என்று சிரித்த அரிஞ்சிகை, கண்ணீரை மறைக்க முக்காட்டைத் தேடினாள். அது தரையில் கிடந்தது. அதை எடுக்காமலே திரும்பி, விளக்கெரியும் வீடுகளை நோக்கி நடந்தாள்.